ரைஃபிள் ரீலோடிங்: ப்ரைமர் ஏன் படுத்துகிறது, எப்படிக் கையாள்வது

ரீலோடிங் என்றால் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் (கேஸ்) புது ப்ரைமர், பவுடர், புல்லட் போட்டுத் திரும்ப நிரப்புவது. ப்ரைமர் என்பது கேஸின் அடியில் பாக்கெட் என்ற குழியில் உட்கார்ந்து பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி. ட்ரிகரை இழுத்ததும் ‘க்ளிக்’ என்று மட்டும் சத்தம் வந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் திட்டுவது ப்ரைமர் கம்பெனியைத்தான். ஆனால் தொழிற்சாலையிலிருந்தே செத்து வரும் ப்ரைமர் மிக அபூர்வம். ப்ரைமர் பாக்கெட்டின் அடிவரை இறங்காமல் நின்றிருக்கும், பாக்கெட்டில் கரி கட்டியிருக்கும், இல்லையென்றால் சைஸிங் (சுட்டு விரிந்த கேஸை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது) செய்யும்போது கேஸின் தோள் (கழுத்துக்குக் கீழே உள்ள சரிவு) அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளப்பட்டிருக்கும். இந்த மூன்றும் நம் மேசையில், நம் கையால் நடப்பவை. அதனால் திருத்தமும் நம் கையில்தான் இருக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க நடைமுறை. அங்கே சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் தேவை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். பவுடர் அளவு எதையும் இங்கே தரவில்லை. அதற்கு அச்சிட்ட லோடிங் மேனுவல் மட்டுமே ஆதாரம்.

ப்ரைமருக்குள் என்ன இருக்கிறது

அமெரிக்க ரைஃபிள் கேஸ்களில் வருவது பாக்ஸர் வகை ப்ரைமர். மெல்லிய உலோகக் கிண்ணம், அதன் அடியில் லெட் ஸ்டிஃப்னேட் கலந்த வெடிகலவை, அதன் மேல் மூன்று அல்லது இரண்டு கால்களோடு ஒரு சின்ன ஆன்வில் (பட்டறைக்கல் போன்ற துண்டு). ஃபயரிங் பின் கிண்ணத்தைக் குழிக்கும்போது, கிண்ணத்துக்கும் ஆன்வில் முனைக்கும் நடுவில் கலவை நசுங்கித் தீப்பிடிக்கிறது. ஆன்வில் அசையாமல் நின்றால்தான் கலவை நசுங்கும். ஆன்வில்லின் கால்கள் பாக்கெட்டின் தரையைத் தொட்டு நிற்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதற்காகத்தான். கால்கள் அந்தரத்தில் இருந்தால், பின் அடிக்கும் வேகத்தில் பாதி ப்ரைமரை உள்ளே தள்ளுவதிலேயே போய்விடும்.

பழைய ஐரோப்பிய, ரஷ்ய ராணுவக் கேஸ்களில் பெர்டான் வகை இருக்கும். அதில் ஆன்வில் கேஸின் பகுதியாகவே இருக்கிறது. ப்ரைமரின் தீ பவுடருக்குப் போகும் ஓட்டையான ஃப்ளாஷ் ஹோல் நடுவில் ஒன்றாக இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. பழைய ப்ரைமரைத் தள்ளி எடுக்கும் டீகேப்பிங் பின்னை அதற்குள் விட்டால் பின் வளையும் அல்லது உடையும். வெளிநாட்டுக் கேஸ் எதுவானாலும் வாய்வழியே டார்ச் அடித்து, ஓட்டை ஒன்றா இரண்டா என்று பார்த்துவிட்டுத்தான் டையில் (சைஸிங் அச்சு) ஏற்ற வேண்டும்.

அளவு ஒன்றுபோல இருந்தாலும் ப்ரைமர் ஒன்றல்ல

லார்ஜ் ரைஃபிள் ப்ரைமரின் விட்டம் சுமார் 0.210 அங்குலம். ஸ்மால் ரைஃபிள் 0.175 அங்குலம். லார்ஜ் பிஸ்டல் ப்ரைமருக்கும் அதே 0.210 விட்டம்தான், ஆனால் உயரம் குறைவு, கிண்ணமும் மெலிசு. அது தெரியாமல் .308 ரைஃபிள் கேஸில் ஏறிவிட்டால் மிக ஆழமாகப் போய் உட்காரும். ரைஃபிள் அழுத்தத்தில் கிண்ணம் ஓட்டையாகிவிடும். ஸ்மால் பிஸ்டலும் ஸ்மால் ரைஃபிளும் உயரத்தில்கூட ஒன்றே. கண்ணால் பிரிக்க முடியாது, கிண்ணத்தின் பலம் மட்டும் வேறு. எனவே மேசையில் ஒரு நேரத்தில் ஒரே வகை ப்ரைமர் பெட்டிதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மீதியை அது வந்த அட்டைத் தட்டுக்கே திருப்பி வைக்க வேண்டும். பெயர் தெரியாத ப்ரைமர் ஒன்று மேசையில் கிடந்தால் அதை ஊகித்துப் பயன்படுத்தக் கூடாது.

ஒரே அளவுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ரெமிங்டன் 6½ ஸ்மால் ரைஃபிள் ப்ரைமர் .22 ஹார்னெட் போன்ற குறைந்த அழுத்தத் தோட்டாக்களுக்கானது; .223 ரெமிங்டனுக்கு வேண்டாம் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது, அதற்கு 7½ இருக்கிறது. சிசிஐ கம்பெனியின் 400 ப்ரைமரைவிட 450-இன் கிண்ணம் தடிமன் அதிகம். .223-இல் வேகமான லோடுக்கு (பவுடர், புல்லட் சேர்க்கைக்கு) 400 போட்டு, கிண்ணம் ஓட்டையாகிறது என்று புலம்புபவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

ப்ரைமர் பிராண்டையோ வகையையோ மாற்றினால், சாதாரண ப்ரைமருக்குப் பதில் தீ அதிகம் தரும் மேக்னம் போட்டால் குறிப்பாக, அழுத்தம் ஏறக்கூடும். பழைய லோடில் ப்ரைமரை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டு ரேஞ்சுக்குப் போவது ஆபத்து. மேனுவலில் உள்ள தொடக்க லோடுக்கு இறங்கி, அங்கிருந்து படிப்படியாக ஏற வேண்டும். 2020-க்குப் பிறகு வந்த தட்டுப்பாட்டில் கிடைத்ததை வாங்கிப் போட்டவர்கள் பலர். கிடைத்ததை வாங்குவதில் தவறில்லை. அதே பவுடர் அளவோடு போடுவதுதான் தவறு.

இன்னொரு சிக்கல் லபுவா 6.5 க்ரீட்மோர் கேஸ். இதில் ஸ்மால் ரைஃபிள் ப்ரைமர், ஃப்ளாஷ் ஹோலும் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான். வழக்கமான ஓட்டை 2 மில்லிமீட்டர். சாதாரண டீகேப்பிங் பின் அதில் சிக்கிக்கொள்ளும். மெலிந்த பின் தனியாக வாங்க வேண்டும்.

பாக்கெட்டைத் தயார் செய்வது

சுட்ட ப்ரைமரை அடித்து எடுத்ததும் பாக்கெட்டின் தரையில் கருப்பாகக் கரி தெரியும். ஒருமுறை சுட்ட கேஸில் மெல்லிய படலம்தான். நாலைந்து முறை சுத்தம் செய்யாமல் சுட்டால் மூலையில் கெட்டியாக இறுகிவிடும். பாக்கெட் பிரஷ்ஷையோ ஸ்க்ரேப்பரையோ விட்டு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் போதும். பளபளப்பு தேவையில்லை, தரை தெரிந்தால் சரி. பாக்கெட் ஆழத்தை ஒரேபோல வெட்டும் யூனிஃபார்மர் கருவி போட்டிக்குச் சுடுபவர்களுக்குப் பயன்படும். வேட்டைக்குச் சுடுபவர்களுக்கு அது கட்டாயமில்லை.

கேஸ்களை உருட்டிச் சுத்தம் செய்யும் டம்ளர் இயந்திரத்தில் போட்ட சோளத்தக்கைத் துகளோ வால்நட் துகளோ ஃப்ளாஷ் ஹோலில் அடைத்துக்கொள்ளும். டீகேப் செய்த பிறகு டம்ளரில் போடுகிறவர்கள், ஒவ்வொரு கேஸையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும். தண்ணீரில் ஸ்டீல் பின்களோடு கழுவுபவர்களுக்கு இரண்டு வேலை கூடுதல்: உள்ளே பின் எதுவும் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, பாக்கெட்டின் மூலைவரை நன்றாகக் காயவைப்பது.

ராணுவக் கேஸில் ப்ரைமர் கழன்று வராமலிருக்க பாக்கெட்டின் விளிம்பை உள்நோக்கி நசுக்கி வைத்திருப்பார்கள். 5.56, 7.62 நேட்டோ கேஸ்களின் அடியில் ப்ரைமரைச் சுற்றி ஒரு வளையமாகவோ சில வெட்டுத் தழும்புகளாகவோ இது தெரியும். பழைய ப்ரைமர் அடித்ததும் வந்துவிடும். புதியதுதான் உள்ளே போகாமல் முரண்டு பிடிக்கும். அந்த நேரத்தில் ப்ரைமர் ஏற்றும் கருவியின் நெம்புகோலை ஓங்கி அழுத்துவதுதான் மேசையில் ப்ரைமர் வெடிக்கும் சூழ்நிலைகளில் முக்கியமானது. ஸ்வேஜிங் கருவியால் விளிம்பை அமுக்கி விரிக்கலாம், அல்லது ரீமரால் சீவலாம். ரீமரில் ஒரு எச்சரிக்கை: நசுங்கிய விளிம்பு போகும் அளவுக்கு மட்டும் சீவ வேண்டும். ஆழமாகச் சீவி வாயை அகலப்படுத்தினால், கிண்ணத்தின் ஓரத்துக்கு ஆதரவு போய்விடும்.

பாக்கெட் தளர்ந்துவிட்டதா என்பதைக் கை முதலில் சொல்லும். புது ப்ரைமர் எந்தத் தடையும் இல்லாமல் விரலால் தள்ளினாலே இறங்கினால் அந்தக் கேஸின் ஆயுள் முடிந்தது. சுட்ட பின் ப்ரைமரைச் சுற்றிக் கருப்பு வளையம் படிந்திருந்தால் அதுவும் வாயு கசிந்ததற்கு அடையாளம். அத்தகைய கேஸைப் பித்தளைக் கழிவில் போடும்முன் வாயை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள்; திரும்பவும் நல்ல கேஸ்களோடு கலந்துவிடாது.

உட்கார வைப்பது

ப்ரைமரின் மேற்பரப்பு கேஸின் அடிப்பரப்புக்குச் சற்றே கீழே இருக்க வேண்டும். பொதுவாக 0.003 முதல் 0.005 அங்குலம் வரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு. சமமாக இருப்பதுகூட எல்லைக்கோடுதான். வெளியே துருத்திக்கொண்டிருப்பது எந்த ரைஃபிளிலும் ஏற்கத்தக்கதல்ல.

கையால் அழுத்தும் கருவியை நாங்கள் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதில் கிடைக்கும் உணர்வு. நெம்புகோலை மெதுவாக மூடும்போது மூன்று கட்டம் தெரியும். ப்ரைமர் பாக்கெட்டின் வாயில் நுழையும்போது ஒரு சின்னத் தடை. பிறகு ஒரே சீரான உரசலோடு வழுக்கிக்கொண்டு இறங்கும். கடைசியில் ஆன்வில்லின் கால்கள் தரையைத் தொட்டு ‘டக்’கென நிற்கும். அந்த நிறுத்தத்துக்குப் பிறகு இன்னும் ஒரு இழை அழுத்தம் கொடுத்து விட்டுவிட வேண்டும். அந்த இழைதான் கலவையை ஆன்வில் முனையோடு சேர்த்து வைக்கிறது. மூன்றாவது கட்டத்தை உணராமல் கையை எடுத்தால் ப்ரைமர் பாதியில் நிற்கிறது. அதைத் தாண்டி முரட்டுத்தனமாக அழுத்தினால் கலவைக் கட்டி உடைந்து, தீப்பிடிப்பது ஒழுங்கற்றதாகிவிடும்.

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது. மூக்குக் கண்ணாடி போதாது, அமெரிக்கக் கண்பாதுகாப்புத் தரமான இசட்87.1-இன் குறியுள்ளது வேண்டும். கையிலோ விரலிலோ எண்ணெய் இருக்கக் கூடாது. கேஸ் லூப் (சைஸிங்குக்குத் தடவும் எண்ணெய்) பட்ட கையோடு ப்ரைமரை எடுப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. தட்டில் கொட்டி, மெதுவாக ஆட்டி, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். தலைகீழாகவோ சாய்ந்தோ ஒன்று மாட்டிக்கொண்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்’ என்று கை சொல்லும், கேட்கக் கூடாது.

சில கைக்கருவிகளின் குறிப்பேட்டில் எந்தப் பிராண்டு ப்ரைமரைத் தட்டில் போடலாம், எதைப் போடக் கூடாது என்று எழுதியிருக்கும். திறந்த தட்டில் ஒன்று வெடித்தால் மற்றவற்றுக்கும் பரவும் என்பதால்தான் அந்தக் கட்டுப்பாடு. நெம்புகோலின் ஒரு இழுப்பில் பல வேலை செய்யும் ப்ரோக்ரஸிவ் ப்ரஸ்ஸின் குழாயில் நூறு ப்ரைமர் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறது. அதில் ஒன்று போனால் நூறும் போகும். குழாயைச் சுற்றியுள்ள இரும்புக் கவசத்தைக் கழற்றி வைக்காதீர்கள். குழாய்க்கு நேர்மேலே தலையை நீட்டிப் பார்க்காதீர்கள். சிக்கிக்கொண்ட வரிசையைக் கம்பியால் குத்தித் தள்ளாதீர்கள்.

ஒவ்வொரு கேஸையும் பவுடர் போடும்முன் சோதிக்க வேண்டும். விரல் நுனியை அடியில் தேய்த்தால் பள்ளமாகத் தெரிய வேண்டும், மேடாக அல்ல. பிறகு சமதளமான கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்துங்கள். ப்ரைமர் துருத்தியிருந்தால் கேஸ் நொண்டி நாற்காலிபோல ஆடும்.

சுடாமல் போனால்

துப்பாக்கியை இலக்கின் பக்கமே பிடித்தபடி குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். ஒரு நிமிடம் என்றால் இன்னும் நல்லது. தாமதமாக வெடிக்கும் தோட்டா அரிதுதான், ஆனால் குழலின் பின்பக்கத்தைப் பூட்டும் போல்ட்டைத் திறந்த நேரத்தில் அது வெடித்தால் கேஸ் உங்கள் முகத்துக்கு நேரே சிதறும். வழக்கமான சத்தத்துக்குப் பதில் ‘பொத்’தென்று ஒரு மெல்லிய சத்தம் மட்டும் கேட்டால், அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. பவுடர் இல்லாத கேஸிலும் ப்ரைமரின் வேகம் மட்டுமே புல்லட்டைக் குழலுக்குள் தள்ளிவிடும். அங்கே சிக்கிய புல்லட்டின் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளக்கும். போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமாகக் குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

சுடாத தோட்டாவின் ப்ரைமரில் விழுந்த குழியே காரணத்தைச் சொல்லும். குழி இயல்பாக ஆழமாக இருந்தும், இரண்டாம் அடியில் வெடித்தால், ப்ரைமர் முழுதாக இறங்கியிருக்கவில்லை; முதல் அடி உட்கார வைத்தது, இரண்டாவது சுட்டது. குழி ஆழமின்றி இருந்தால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஒன்று துப்பாக்கி: ஃபயரிங் பின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், குளிரில் போல்ட்டுக்குள் கிரீஸ் இறுகியிருக்கலாம். மற்றொன்று கேஸ்: சைஸிங் டையை ஆழமாகத் திருகி, தோளை அதிகம் பின்னால் தள்ளியிருந்தால், பின் அடிக்கும்போது கேஸ் முழுவதுமே முன்னால் ஓடி அடியின் வேகத்தைத் தின்றுவிடும். இதற்குத் தீர்வு ப்ரைமரை மாற்றுவதல்ல, டையைச் சரிசெய்வது. சுட்ட கேஸின் தோளை அளந்து, அதிலிருந்து 0.002 அங்குல அளவுக்கு மட்டும் பின்தள்ளும்படி வைத்தால் போல்ட் ரைஃபிளுக்குப் போதும்.

குழி நன்றாக இருந்து, எத்தனை அடித்தாலும் அசையாத தோட்டாவை எடுத்துப் பிரியுங்கள். ஆன்வில் இருக்கிறதா, கலவையில் எண்ணெயோ ஈரமோ பட்டிருக்கிறதா என்று தெரியும். ப்ரைமர் வெடித்துப் பவுடர் கருகாமல் இருந்தால் ஃப்ளாஷ் ஹோலைப் பாருங்கள்.

தானாக வெடிப்பது

எம்1 கேரண்ட், எம்1ஏ, ஏஆர்-15 போன்ற, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் ரைஃபிள்களில் ஃபயரிங் பின்னைப் பின்னால் பிடித்துவைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும் வேகத்தில் பின் முன்னால் ஓடி ப்ரைமரைத் தொடுகிறது. ஏற்றிவிட்டுச் சுடாமல் எடுத்த தோட்டாவில் ஒரு சின்னப் பொட்டு தெரிவது இதனால்தான், அது இயல்பு. ஆனால் துருத்திய ப்ரைமரோ மென்மையான கிண்ணமோ இருந்தால் அந்தத் தொடுதலே சுட்டுவிடலாம். போல்ட் முழுதாகப் பூட்டாத நேரத்தில் அது நடந்தால் ரைஃபிள் சிதறும்.

இந்த ரைஃபிள்களுக்கு ராணுவ உணர்திறன் அளவுக்குத் தயாராகும் ப்ரைமர் இருக்கிறது: 7.62-க்கு சிசிஐ 34, 5.56-க்கு சிசிஐ 41. அதைப் போடுவது நல்லது. ஆனால் துருத்திய ப்ரைமருக்கு அது மருந்தல்ல. கேரண்டில் ஒற்றைத் தோட்டாவைச் சேம்பருக்குள் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) போட்டு போல்ட்டை அப்படியே விட்டு அடிக்கக் கூடாது. க்ளிப்பிலிருந்து உருவும்போது போல்ட்டின் வேகம் குறைகிறது, சேம்பரில் தனியாகக் கிடந்தால் குறைவதில்லை. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி எடுப்பதும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அடி விழுகிறது.

சுட்ட ப்ரைமரின் முகம்

தட்டையான ப்ரைமரைப் பார்த்ததும் ‘அழுத்தம் அதிகம்’ என்று முடிவுகட்டுவது அவசரம். தோள் அதிகம் பின்னால் போன கேஸில், மிதமான லோடிலும் ப்ரைமர் பின்னால் நகர்ந்து, பிறகு கேஸின் அடி போல்ட்டில் மோதும்போது தட்டையாகிவிடும். குழியைச் சுற்றி எரிமலைவாய் போல மேடு தெரிந்தால், போல்ட்டில் ஃபயரிங் பின் வரும் ஓட்டை பெரிதாக இருப்பதும் காரணமாக இருக்கலாம். அதே ரைஃபிளில் தொழிற்சாலைத் தோட்டா ஒன்றைச் சுட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழிற்சாலைத் தோட்டாவிலும் அதே மேடு இருந்தால் பிரச்சினை ரைஃபிளில். ப்ரைமர் வெளியே துருத்தி நின்றால் அழுத்தம் குறைவு என்றுதான் பெரும்பாலும் பொருள். கேஸைப் பின்னால் தள்ளித் திரும்ப உட்கார வைக்கும் அளவுக்கு விசை இருக்கவில்லை.

மாறாக, தட்டையான ப்ரைமரோடு சேர்ந்து போல்ட்டைத் தூக்கக் கஷ்டம், கேஸ் அடியில் எஜெக்டரின் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் பாகம்) பளபளப்பான வட்டத் தழும்பு, பாக்கெட் தளர்வு என்று இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த லோடோடு நிறுத்துங்கள். மீதித் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்க்காமல் பிரித்துவிடுங்கள்.

ஓட்டையான ப்ரைமர் தனி வகை. அந்த ஓட்டை வழியே வரும் வாயு போல்ட்டின் முகத்திலும் பின்னின் நுனியிலும் பள்ளம் அரிக்கிறது. அரித்த நுனி அடுத்த ப்ரைமரையும் ஓட்டையாக்கும். ஒரு ஓட்டை வந்ததும் பின்னைக் கழற்றி லென்ஸில் பாருங்கள். நுனி வழவழப்பான அரைவட்டமாக இல்லையென்றால் மாற்ற வேண்டும்.

வைக்கும் இடமும் சுத்தமும்

ப்ரைமரை வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே வைக்க வேண்டும். பெட்டிக்குள் ஒவ்வொன்றும் விலகி நிற்பதே பாதுகாப்பு. கண்ணாடிக் குப்பியிலோ டப்பாவிலோ கொட்டி வைத்தால், ஒன்று வெடிக்கும்போது மொத்தமும் ஒரே வெடியாகிவிடும். வீட்டில் 10,000 ப்ரைமருக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 495 விதித்தொகுப்பு. மாநில, நகர விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம். பவுடரோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வேண்டாம்.

தரையில் விழுந்த ப்ரைமரைக் கையால் தேடி எடுங்கள். வாக்வம் க்ளீனரால் உறிஞ்சக் கூடாது. ப்ரைமருக்கும் சரி, சிந்திய பவுடருக்கும் சரி.

சுட்ட ப்ரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது. ட்ரை டம்ளர் துகளைச் சலிக்கும்போது பறக்கும் தூசியில்தான் அது அதிகம். வீட்டுக்குள் சலிக்காமல், வெளியே காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று சலியுங்கள். மேசையில் காப்பிக் குவளையும் வேண்டாம், முறுக்குத் தட்டும் வேண்டாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்கு வரக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

சுடாத ப்ரைமரைக் கேஸிலிருந்து எடுக்க

ப்ரைமர் மட்டும் ஏற்றிய காலிக் கேஸ் என்றால், அதே ரைஃபிளில் ஏற்றி, காதுக்காப்புப் போட்டு, ரேஞ்சில் இலக்கின் பக்கம் சுட்டுவிடுவதே எளிது. பிறகு சாதாரணமாக டீகேப் செய்யலாம். குழலை மட்டும் துடைத்துவிடுங்கள். பவுடரும் புல்லட்டும் உள்ள தோட்டா என்றால் முதலில் புல்லர் என்ற உருவும் கருவியால் புல்லட்டை எடுத்து, பவுடரைக் கொட்டி, உள்ளே ஒரு மணியும் ஒட்டியில்லை என்று பார்த்த பிறகு இதையே செய்யலாம்.

டையில்தான் எடுக்க வேண்டுமென்றால், ப்ரஸ்ஸின் ப்ரைமர் தட்டை முதலில் காலி செய்யுங்கள். கண்ணும் காதும் காப்போடு, ஒவ்வொரு கேஸாக, நெம்புகோலை ஊர்ந்து இறக்குங்கள். தட்டி இறக்கக் கூடாது. நசுங்கியதையும் சாய்ந்து ஏறியதையும் இந்த முறையில் எடுக்க முயலவே வேண்டாம். எடுத்த ப்ரைமரைத் திரும்பப் போடுவதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை, ஆன்வில் இடம்மாறியிருக்கும். எண்ணெயிலோ தண்ணீரிலோ ஊறவைத்தால் செத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஈரம் காய்ந்ததும் பல ப்ரைமர்கள் திரும்பவும் வெடிக்கும். சுட முடியாதபடி கெட்டுப்போனவற்றைக் குப்பையிலோ நெருப்பிலோ போடாமல், ஊர்த் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டு எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள்.